ஊர் மாறும் பிள்ளைகளுக்காக வந்த பாடத்திட்டம்

என் தம்பி மகள் சென்னையில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். அவள் மகளுக்கு வரும் ஜூனில் முதல் வகுப்பு. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் இருக்கிற சில இன்டர்நேஷனல் பள்ளிகளை ஒப்பிட்டு ஒரு அட்டவணை போட்டு, "பெரியப்பா, நீங்க காலமெல்லாம் வாத்தியாரா இருந்தவரு. எதுல சேக்கலாம்னு பார்த்துச் சொல்லுங்க" என்று அனுப்பியிருந்தாள். நான் புதூர்நாட்டுக்காரன். ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று நாடுகள்; மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர்கள். இங்கேயே பிறந்து, இந்த மலைப் பள்ளிகளிலேயே பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். அவள் நம்பிக் கேட்டதால் அட்டவணையை வரிவரியாகப் படித்தேன். தெரியாததைத் தேடியும் படித்தேன். படித்ததில் ஒன்று மனதில் தைத்தது. அதை அவளுக்கு மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை.

கட்டணம், பேருந்து, ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், நீச்சல் குளம், என்ன வெளிநாட்டு மொழி, படித்து முடித்தவர்கள் எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள் என்றெல்லாம் அட்டவணையில் இருந்தது. ஒரு பள்ளியில் ஐ.பி. எனும் இன்டர்நேஷனல் பேக்கலரியேட் பாடத்திட்டம், இன்னொன்றில் கேம்பிரிட்ஜ், மற்றொன்றில் சி.பி.எஸ்.இ.யோடு கேம்பிரிட்ஜும். கட்டணம் ஆண்டுக்குச் சில லட்சங்கள். இத்தனை இருந்தும், அந்தப் பாடத்திட்டம் யாருக்காக உண்டாக்கப்பட்டது என்பதைச் சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை.

ஐ.பி. பிறந்தது 1968-ல், ஜெனீவாவில். அதற்கு முன்பே, 1924-ல், சர்வதேச சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் வேலை பார்க்க வந்தவர்களின் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு பள்ளி தொடங்கியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் சிக்கல் எளிமையானது. அப்பாவுக்கு இரண்டு ஆண்டு ஒரு நாட்டில் வேலை, அடுத்த சில ஆண்டுகள் வேறு நாட்டில். பாடம் பாதியில் அறுந்துபோகும். ஒரு நாட்டில் வாங்கிய சான்றிதழை இன்னொரு நாட்டின் பல்கலைக்கழகம் ஏற்காது. பெற்றோர் பிழைப்புக்காக ஊர் மாறினாலும் பிள்ளையின் படிப்பு அறுபடக் கூடாது என்பதற்காக, எங்கே போனாலும் செல்லுபடியாகும் ஒரு பாடத்திட்டத்தையும் சான்றிதழையும் உருவாக்கினார்கள். அதுதான் ஐ.பி. டிப்ளமோ.

இந்தியாவுக்கு அது வந்த வழியும் அப்படியே. கொடைக்கானலில் 1901-ல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளி. 1976-ல் நாட்டிலேயே முதன்முதலாக ஐ.பி.யைக் கொண்டுவந்ததும் அதுவே. சென்னையில் அமெரிக்கன் இன்டர்நேஷனல் பள்ளி 1995-ல் வந்தது, இங்கே வேலைக்கு வந்த வெளிநாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளை முதலில் மனத்தில் வைத்து. தமிழ்நாட்டில் இந்தப் படிப்பு முதலில் வந்து இறங்கியது ஒரு மலையில், ஊர் விட்டு ஊர் வந்தவர்களின் பிள்ளைகளுக்காக.

இந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். பெற்றோர் பிழைப்புக்காக ஆண்டுதோறும் ஊர் மாறும் பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும். என் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் மலையில் சாமை அறுப்பு முடிந்து கார்த்திகை பிறந்ததும் குடும்பம் குடும்பமாகக் கீழே இறங்குவார்கள். கர்நாடகக் காபித் தோட்டங்களுக்கு, கேரளத்து மிளகுத் தோட்டங்களுக்கு, சிலர் செங்கல் சூளைக்கு, வயது வந்த பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு. மாசியில் புளி உலுக்கும் காலத்துக்குச் சிலர் திரும்புவார்கள். பாட்டி, தாத்தா இருக்கும் வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டுப் போவார்கள். இல்லாத வீட்டுப் பிள்ளை தாயோடு போகும். அரையாண்டுத் தேர்வு எப்போதும் அந்த மாதங்களில்தான் வரும்.

நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி அப்படிக் காபித் தோட்டத்துக்குப் போய்த் திரும்பினாள். கன்னடத்தில் நூறு வரை எண்ணினாள். அம்மா பறித்த பழத்தின் எடையையும் நாள் கூலியையும் கணக்கு வைத்தது அவள்தான் என்று அம்மாவே சொன்னார். பறித்த பழம் எவ்வளவு, அதில் கழிவு போக எவ்வளவு, கூலி எவ்வளவு என்று மனக்கணக்காகச் சொல்லுவாள். ஆனால் வகுப்பு அதற்குள் வகுத்தல் கணக்கில் வெகுதூரம் போயிருந்தது. கரும்பலகையைப் பார்த்து விழித்தாள். வருகைப் பதிவேட்டில் அவளுக்கு எதிரே நீண்ட நாள் வராதவள் என்ற குறிப்பு மட்டும் இருந்தது. அந்த மூன்று மாதத்தில் அவள் கற்றதை எழுதி வைக்க எங்களிடம் ஒரு தாள்கூடக் கிடையாது. ஜெனீவாவில் அதிகாரியின் பிள்ளைக்கு அப்படி ஒரு தாள் வேண்டும் என்று உலகம் 1968-லேயே ஒப்புக்கொண்டது.

இதை என் தம்பி மகளிடம் சொன்னபோது, "அப்போ எங்க பிள்ளைக்கு அது வேண்டாம்ங்கறீங்களா பெரியப்பா?" என்று கேட்டாள். அப்படி நான் சொல்லவில்லை. அந்தப் படிப்பில் நல்லது நிறைய இருக்கிறது. டிப்ளமோவில் ஒரு மாணவர் ஆறு பாடங்கள் எடுக்கிறார். மூன்றை ஆழமாக, மூன்றை அடிப்படை அளவில். பாடத்துக்கு ஏழு மதிப்பெண். நமக்குத் தெரிவது எப்படித் தெரிகிறது என்று ஆராயும் ஒரு பாடம் தனியாக உண்டு. தானே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து 4,000 சொற்களுக்குள் ஒரு கட்டுரை எழுத வேண்டும். இவை இரண்டுக்கும் சேர்த்து அதிகபட்சம் மூன்று மதிப்பெண், மொத்தம் 45. பதினேழு வயதுப் பிள்ளை தன் கேள்வியோடு மாதக்கணக்கில் உட்காருவது பெரிய விஷயம். கேம்பிரிட்ஜ் வேறு மாதிரி. பத்தாம் வகுப்பு அளவில் ஐ.ஜி.சி.எஸ்.இ., பிறகு ஏ லெவல்; பாடங்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம், பொதுவாக மூன்று பாடங்களில் ஆழமாகப் போகலாம். ஒரே துறையில் மனம் ஊன்றிய பிள்ளைக்கு அது பொருந்தும். ஐ.பி. டிப்ளமோ, ஏ லெவல் இரண்டையும் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாக ஏற்கிறது.

ஆனால் நகரத்தில் இந்தப் பள்ளிகளை ஒப்பிடும் பெற்றோர் கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை. பெயரில் இன்டர்நேஷனல் என்று இருக்கும் பள்ளிகள் பல சி.பி.எஸ்.இ. மட்டுமே நடத்துகின்றன. ஐ.பி. என்று விளம்பரம் செய்யும் பள்ளி அங்கீகாரம் பெற்றதா, விண்ணப்பித்துக் காத்திருப்பதா என்பதை அந்த அமைப்பின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். தொடக்க வகுப்புக்கு அங்கீகாரம் இருந்தால் மேல்வகுப்புக்கும் இருக்கிறது என்று பொருளில்லை. ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி அனுமதி. போன இரண்டு ஆண்டுகளில் எத்தனை ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போனார்கள் என்று அலுவலகத்தில் கேட்கச் சொன்னேன். ஆறு வயதுக் குழந்தைக்குப் பாடத்திட்டம் என்பது அந்த ஆசிரியைதான். நடுவில் இரண்டு முறை ஆசிரியை மாறினால் ஜெனீவாவில் எழுதிய எந்தத் திட்டமும் குழந்தையிடம் வந்து சேராது.

பிறகு தேதிகள். டிப்ளமோ தேர்வு ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மாதம் வரை நடக்கிறது. முடிவு ஜூலை தொடக்கத்தில். நீட் தேர்வு மே முதல் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி வருகிறது. பிள்ளை தமிழ்நாட்டில் மருத்துவம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் வீட்டில் இருந்தால், இரண்டு தேர்வுகளும் ஒரே நேரத்தில் மோதும் என்பதை முதல் வகுப்புக்குப் பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். பதினோராம் வகுப்பில் தெரிந்துகொண்டு அழுவதில் பயனில்லை.

தமிழைப் பற்றியும் கேள் என்றேன். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்கும் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதைவிட முக்கியம், ஐ.பி. அமைப்பே ஒவ்வொரு பள்ளியும் தனக்கென ஒரு மொழிக் கொள்கையை எழுதி வைக்க வேண்டும், பிள்ளையின் தாய்மொழிக்குத் துணை நிற்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. அந்தக் கொள்கைத் தாளைக் காட்டுங்கள் என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமை இருக்கிறது. தமிழ்ப் பாடவேளையை வாரத்தில் இரண்டாகச் சுருக்கி, அதிலும் எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் சொல்லித்தரும் பள்ளி, தான் ஏற்றுக்கொண்ட பாடத்திட்டத்தின் விதியையே மீறுகிறது. என் தம்பி மகள் கேட்டாள். ஒரு பள்ளியில் தாளை எடுத்துக் காட்டினார்கள். இன்னொன்றில், அது என்ன தாள் என்று அவளிடமே கேட்டார்கள். எதில் சேர்ப்பது என்று அதற்கு மேல் அவள் என்னிடம் கேட்கவில்லை.

மலைக்குத் திரும்புகிறேன். ஐ.பி.யில் என்னை மிகவும் ஈர்த்தது அதன் பாடமோ தேர்வோ இல்லை. ஒரு பள்ளிக்கு அனுமதி கொடுக்கும் முறைதான். ஒரு பள்ளி விண்ணப்பித்துவிட்டு நாளைக்கே வகுப்பைத் தொடங்கிவிட முடியாது. ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்களா, நூலகம் இருக்கிறதா, மொழிக் கொள்கை எங்கே, பணம் எங்கிருந்து வரும் என்று ஒவ்வொன்றையும் பார்த்த பிறகே அனுமதி. கொடுத்த பிறகும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை திரும்ப வந்து பார்க்கிறார்கள். கற்பிக்க வேண்டியவை தயாராக இருக்கின்றனவா என்று முதலில் பள்ளியைச் சோதிக்கிறார்கள். பிள்ளையைச் சோதிப்பது அதற்குப் பிறகுதான்.

மலைப் பள்ளியில் இது தலைகீழ். கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒரு தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும். மலை ஊர்கள் சிறியவை. ஒரு பள்ளியில் முப்பது, நாற்பது பிள்ளைகள். ஆக ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்கோ மகப்பேறு விடுப்புக்கோ மாற்றுப் பணிக்கோ கீழே போய்விட்டால் ஐந்து வகுப்புக்கு ஒருவர். இடமாறுதல் கலந்தாய்வு வந்தால் கீழ்நாட்டு ஆசிரியர் இறங்கிப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. அவர் இடத்துக்கு யார் வருவார், எப்போது வருவார் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை என்பதுதான் குறை. எந்த அதிகாரியும் ஜூன் மாதம் வந்து, இந்தப் பள்ளி பாடம் நடத்தத் தயாராக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. மார்ச் மாதம் பிள்ளைகளின் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்டு வருவார்கள்.

சென்னையில் ஒரு பெற்றோர் பாடத்திட்டங்களை ஒப்பிடுகிறார் என்றால், எங்கள் மலையில் பெற்றோர் ஒப்பிடுவது துறைகளை. நான் பணியில் இருந்த காலம் முழுவதும் ஒரே மலையில் வனத்துறை நடத்தும் பள்ளி, பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளி, பள்ளிக் கல்வித்துறையின் ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்று மூன்று வகை. பாடநூல் ஒன்றே. ஆனால் ஆசிரியர் நியமனம், மாறுதல், விடுதி, பழுதுபார்ப்பு எல்லாம் வேறு வேறு அலுவலகம். கூரை ஒழுகினால் ஒரு பள்ளி மாவட்ட வன அலுவலரைப் பார்க்க வேண்டும், இன்னொன்று வேறு வாசலில் நிற்க வேண்டும். இந்தப் பள்ளிகளையெல்லாம் பள்ளிக் கல்வித்துறையின் கீழ் கொண்டுவருவதாக 2023 மார்ச் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். 2024 ஜூனில் அறிக்கை கொடுத்த நீதிபதி சந்துரு குழுவும் அதையே பரிந்துரைத்தது. இந்த இணைப்புக்குக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் விஷயத்தில் வந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கலாம். அந்தப் பள்ளிகளுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. எங்கள் மலையைப் பொறுத்தவரை, விடுதியும் பழங்குடியினருக்கான நிதியும் குறையாமல் இருக்கும் என்ற உறுதி கிடைத்தால் ஒரே துறையாவதை நான் வரவேற்கிறேன்.

சில மாநில அரசுகள் வேறு வழியில் போயின. டெல்லி அரசு 2021 ஆகஸ்டில் ஐ.பி. அமைப்போடு ஒப்பந்தம் போட்டது. ஆந்திர அரசு 2024 ஜனவரியில் அரசுப் பள்ளிகளுக்கே அதைக் கொண்டுவர ஒப்பந்தம் போட்டது. அதே ஆண்டில் ஆட்சி மாறியது. ஏழைப் பிள்ளைக்கும் அந்தப் படிப்பு கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் நமக்கு வேண்டியது அந்தப் பெயர்ப் பலகை இல்லை. 2018-ல் தொடங்கி வந்த நம் புதிய பாடநூல்கள் தரமானவை. நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். ஓரிடத்தில் பாடலாகவும் ஓரிடத்தில் சோதனையாகவும், பிள்ளை தானே செய்து பார்க்கும்படி எழுதியிருக்கிறார்கள். நல்ல விதை மூட்டை வீட்டில் இருக்கிறது, ஏர் ஓட்ட ஆள் இல்லை என்பதுதான் எங்கள் நிலை.

மலைப் பிள்ளை முதலில் எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும், கேள்வி கேட்பதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்று சொல்லும் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆய்வுக் கூட்டங்களில் என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். இதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். எங்கள் மலைத்தொடரில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. வானம் இருட்டாகவும் தெளிவாகவும் இருப்பதாலும், நிலநடுக்கோட்டுக்கு அருகில் என்பதால் வடவானமும் தென்வானமும் தெரிவதாலும், வைணு பாப்பு என்ற வானியலாளர் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார். 1977-ல் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் கண்டறிந்தபோது அந்த நோக்குதலில் காவலூருக்கும் பங்கு இருந்தது. இந்தியாவிலேயே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் அங்கே இயங்கத் தொடங்கியது. 1988-ல் அங்கிருந்து கண்ட ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். சென்னைப் பள்ளிகளின் சொகுசுப் பேருந்துகள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அங்கே போவதைப் பார்த்திருக்கிறேன், போகட்டும், நல்லது. அந்த இருட்டு வானத்தின் கீழே பிறந்து, மீனைப் பார்த்து இரவில் நேரம் சொல்லும் தாத்தாவோடு வளரும் பிள்ளைக்கு யுரேனஸைப் பற்றிக் கேள்வி இருக்காதா? சாமைக் கொல்லைகள் ஏன் குறைகின்றன என்று 4,000 சொல் எழுத ஒரு புதூர்நாட்டுப் பெண்ணிடம் விஷயம் இல்லையா? தேனெடுக்கும் குடும்பத்துப் பையனிடம் தேனீயைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவனுக்கு வேண்டியது அவனோடு உட்கார்ந்து அதை எழுத வைக்கும் ஆசிரியர் ஒருவர்.

புதூர்நாட்டை அடுத்த புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, 23 வயதில், 2024-ல் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். குழந்தை பிறந்து ஓரிரு நாளில் சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதியவர் என்று நாடே பேசியது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கான முன்னுரிமை அவருக்குக் கைகொடுத்தது என்பதை முதலமைச்சரே பாராட்டில் குறிப்பிட்டார். அவர் பள்ளிப்படிப்பு ஏலகிரி மலையில். எங்கள் மலைப் பெண் நீதிபதி ஆனதில் எனக்குள்ள பெருமை எவருக்கும் குறைந்ததில்லை. ஆனால் ஒரு பெண்ணின் அசாத்திய உறுதியைக் காட்டி, வழி சரியாகத்தான் இருக்கிறது என்று நாம் ஆறுதல் அடையக் கூடாது. இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் இந்த மலைத்தொடரைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்களும் ஏதோ ஒரு கார்த்திகை மாதத்தில் வகுப்பில் காலியாக இருந்த இடத்துக்கு உரியவர்களாக இருந்திருக்கலாம் என்று ஒரு வாத்தியாருக்குத் தோன்றாமல் இருக்காது.

ஊர் மாறும் பிள்ளைக்கு வழி செய்வது நடக்காத காரியம் இல்லை. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் 2017-ல் ரோஷ்னி என்ற திட்டத்தைத் தொடங்கியது. வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியின் துணையோடு மலையாளம் கற்றுக்கொடுத்தார்கள். திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கல் சூளைகளில் ஒடிசாத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒடியா பாடநூலை வரவழைத்து நடத்தியது நம் மாநிலத்தில்தான். வந்தவர் பிள்ளைக்குச் செய்தோம். நம் மலையிலிருந்து போகும் பிள்ளைக்கும் செய்ய வேண்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிக் கல்வித்துறை தரும் எமிஸ் எண் நம் மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது. அதோடு சேர்த்து, பிள்ளைக்கு எது தெரியும், எந்தப் பாடத்தில் நிற்கிறது என்பதைத் தமிழிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் சொல்லும் ஒரு கற்றல் அட்டை கொடுங்கள். தோட்டம் இருக்கும் ஊரின் பள்ளி அதைப் பார்த்து அந்த மூன்று மாதம் பிள்ளையை உட்கார வைக்கும்படி கர்நாடகத்தோடும் கேரளத்தோடும் பேசி ஒப்பந்தம் போடுங்கள். தாயோடு போக வேண்டாத பிள்ளைக்குக் கார்த்திகை முதல் மாசி வரை மலையிலேயே பருவகால விடுதி திறந்து, ஆயாவும் இரவுக் காவலும் போடுங்கள். திரும்பி வரும் பிள்ளைகளுக்கு மாசி, பங்குனியில் விட்ட பாடத்தை நடத்த மலை ஊர்களிலேயே படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பட்டதாரிப் பெண்களை நியமியுங்கள். அவர்கள் கலந்தாய்வில் இறங்கிப் போக மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஐ.பி.காரர்கள் செய்வதைப் போல முதலில் பள்ளியைச் சோதியுங்கள். பள்ளியை மூடுவதற்காக இல்லை. மூடினால் எங்கள் பிள்ளைகள் காட்டு வழியில் நடந்தே தேய்ந்துபோவார்கள். மாவட்ட ஆட்சியர் மே மாதத்துக்குள் மலையில் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் அதிகாரியை அனுப்பி, எத்தனை ஆசிரியர்கள் வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள், காலியிடத்துக்கு யார் எந்தத் தேதியில் வருவார், விடுதியில் தண்ணீர் இருக்கிறதா என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தத் தாளை மூன்று நாடுகளின் ஊராட்சி அலுவலகச் சுவர்களிலும் ஒட்ட வேண்டும், பெற்றோர் படித்துப் பார்க்கும்படி, பள்ளி திறக்கும் நாளுக்கு முன்பே.